கெட்டிப்பட்ட கண்புரை: கைக்கருவியா, அல்ட்ராசவுண்ட் இயந்திரமா?

தடப்பள்ளிக்கரை (கோபிசெட்டிபாளையம் வட்டாரம்):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சிக்கு இப்போது வயது 76. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைத்து, போன ஆண்டு வரை மடை திருப்புவதற்குத் தானே மண்வெட்டியுடன் போய்வந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய இடக்கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்தது. மெஷின் ஆபரேஷன், ஊசி கிடையாது, தையல் கிடையாது, மறுநாளே டிவி பார்க்கலாம் என்று சொன்னதை நம்பித்தான் அழைத்துப் போனோம். மறுநாள் கட்டைப் பிரித்தபோது கருவிழி முழுவதும் மார்கழி மாதத்துப் பேருந்துக் கண்ணாடி போல வெளுத்துக் கிடந்தது. வீக்கம் வடிய ஆறு வாரம் ஆனது. பார்வை வந்தது, ஆனால் முழுமையாக வரவில்லை. இன்றும் காலையில் எழுந்ததும் இரண்டு மணி நேரம் அந்தக் கண் மங்கலாகவே இருக்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் தெளிகிறது. புரை கெட்டியாக இருந்ததால் இப்படி ஆனது என்பதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது வலக்கண்ணிலும் புரை முற்றிப் பழுப்பேறிவிட்டது. சீட்டில் ‘என்.எஸ். 4’ என்று, அதாவது புரையின் கெட்டித்தன்மை நான்காம் படி என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று இடங்களில் காட்டிவிட்டோம், மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதலாமவர் இதற்கு இயந்திரம் வேண்டாம், கையாலேயே எடுத்துவிடலாம் என்கிறார். இரண்டாமவர் கையால் எடுப்பது அந்தக் காலத்து முறை, புதிய இயந்திரத்தில் எவ்வளவு கெட்டியான புரையையும் கரைத்துவிடலாம் என்கிறார். மூன்றாமிடத்தில் பேனா போன்ற ஒரு கருவியைப் படத்தில் காட்டி, அதிலிருந்து வரும் மெல்லிய கம்பிக் கண்ணியால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே துண்டாக்கலாம் என்றார்கள்.

உறவினர்கள் எல்லோரும், பணத்தைப் பார்த்துக் கைமுறைக்குப் போகாதே என்கிறார்கள். அப்பிச்சியோ, “அந்தக் கண்ணு பட்டது போதும் சாமி, இந்த மசமசப்போடவே இருந்துட்டுப் போறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். கையால் எடுப்பது உண்மையிலேயே தரம் குறைந்த முறைதானா? அந்தக் கம்பிக் கண்ணி என்ன செய்கிறது? அறுவைக்கு நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் நாங்கள் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பீளமேடு சர்வீஸ் (கோயம்புத்தூர்):

உங்கள் அப்பிச்சியின் இடக்கண்ணைப் பற்றிப் படித்து வருந்தினேன். நான் மருத்துவன் அல்லன். கண் அறுவை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகவே கருவியின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் ‘மெஷின்’ என்று சொல்வது பேக்கோ இயந்திரத்தை. நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் கெல்மன் என்ற கண் மருத்துவர், பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது பல்லைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கவனித்து, இதே அதிர்வால் கண்ணின் லென்ஸையும் உடைக்க முடியுமே என்று சிந்தித்ததில் பிறந்தது அது. 1967இல் முதன்முதலாக மனிதக் கண்ணில் அதைப் பயன்படுத்தினார். இயந்திரம் என்றவுடன் எல்லோரும் சக்கரம் வைத்த அந்தப் பெரிய பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது மின்சுற்றும் பம்பும்தான். லென்ஸை உடைக்கும் வேலை முழுவதும் மருத்துவர் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸில் நடக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வில்லை வில்லையாகப் பீங்கான் படிகங்கள் அடுக்கியிருக்கும். மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் அவை விரிந்து சுருங்கும். பெரும்பாலான கருவிகளில் இது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை நடக்கிறது. அந்த அதிர்வு முனையில் உள்ள டைட்டானியம் ஊசிக்குப் போய், எதிரே இருக்கும் லென்ஸைத் தூளாக்குகிறது. ஊசி உள்ளீடற்றது, தூளானதை அதன் வழியாகவே பம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஊசியின் மேல் சிலிக்கோன் உறை ஒன்று உண்டு. அதற்கும் ஊசிக்கும் இடையே ஓடும் உப்புநீர் கண்ணின் உப்பலைக் காக்கிறது, ஊசியின் சூட்டையும் தணிக்கிறது. நீரோட்டம் சில நொடிகள் அடைபட்டாலே வெட்டு வாயில் சூடு பட்டுவிடும்.

காலடியில் இருக்கும் பெடலுக்கு மூன்று நிலைகள். முதல் நிலையில் நீர் மட்டும் வரும், இரண்டாம் நிலையில் உறிஞ்சலும் சேரும், மூன்றாம் நிலைக்கு அழுத்தினால்தான் அதிர்வு தொடங்கும். மென்மையான புரையில் மருத்துவரின் பாதம் மூன்றாம் நிலையில் சில நொடிகள்தாம் இருக்கும். பழுப்பேறிய புரையில் அந்த நேரம் பல மடங்கு நீள்வதை இயந்திரம் தரும் கணக்கிலேயே பார்த்திருக்கிறேன். இடக்கண்ணுக்கு என்ன ஆனது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது என நினைக்கிறேன். கருவிழியின் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாகச் செல்கள் பாவியிருக்கின்றன. நம் ஊர்க் கிணற்று மோட்டார் போல, கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. அதனால்தான் கருவிழி கண்ணாடியாக இருக்கிறது. அதிர்வும் சூடும் தெறிக்கும் துண்டுகளும் அவற்றைச் சிதைக்கும். சிதைந்த செல் மீண்டும் முளைப்பதில்லை.

கம்பிக் கண்ணிக்கு வருகிறேன். நீங்கள் படத்தில் பார்த்தது ‘மைலூப்’ ஆக இருக்கலாம். அயன்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. 2018இல் அந்த நிறுவனத்தைக் கார்ல் ஸைஸ் மெடிடெக் வாங்கியது. அதற்கு மின்சாரம் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். கம்பி நிட்டினால் என்ற நிக்கல், டைட்டானியம் கலவையால் ஆனது. வளைத்து நசுக்கினாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்கே திரும்பும் உலோகம் அது. வளைத்தாலும் உடையாத மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் பார்த்திருப்பீர்கள். பேனாவுக்குள் மடங்கியிருக்கும் கம்பியைச் சிறு வெட்டின் வழியாக லென்ஸின் பைக்குள் நுழைத்து, பிடியில் உள்ள தள்ளுகட்டையை விரலால் தள்ளினால் கண்ணி விரிந்து லென்ஸின் ஓரத்தைச் சுற்றிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் கண்ணி சுருங்கி, அவித்த முட்டையை நூல் போட்டு அறுப்பது போல லென்ஸை இரண்டாக்கிவிடும். லென்ஸைத் திருப்பி மீண்டும் அறுத்தால் நான்கு துண்டு. வெளியிலிருந்து நடுவை நோக்கி அறுப்பதால், கெட்டியான புரையின் அடித்தளத்தில் தோல் போலப் பிரியாமல் நிற்கும் பகுதியும் அறுபட்டுப் பிரிந்துவிடுகிறது. என் கருத்தில், அந்தக் கண்ணி கிடைக்கும் இடத்துக்கே போவது நல்லது. அல்ட்ராசவுண்டின் தேவையே இல்லாமல் போய்விடும்.

தியேட்டர் சிஸ்டர் (பொள்ளாச்சி):

மேலே எழுதிய தம்பி இயந்திரத்தைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணி லென்ஸைத் துண்டாக்கும், அவ்வளவுதான். துண்டுகளை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும். சிறு வெட்டின் வழியாக எடுப்பதென்றால் மீண்டும் பேக்கோ ஊசிதான் உள்ளே போகும்; முழு லென்ஸுக்குப் பதிலாகக் கால் பங்குத் துண்டுகளைக் கரைப்பதால் அதிர்வு குறையும் என்பதே ஆதாயம். அதிர்வே வேண்டாம் என்றால் வெட்டைச் சற்று அகலமாக்கிக் கைக்கருவியால் துண்டுகளை எடுக்க வேண்டும்.

நான் கண் அறுவை அரங்கில் 27 ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். ‘கையால் எடுப்பது’ என்றதும் உங்கள் உறவினர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அவர்கள் மனதில் இருப்பது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த முறை. கருவிழி ஓரத்தில் 10 மில்லிமீட்டருக்கும் மேல் வெட்டி, லென்ஸை எடுத்து, ஐந்தாறு தையல் போட்டு, நோயாளியை நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்போம். அதற்கும் முந்தைய காலத்தில் லென்ஸைப் பையோடு சேர்த்தே எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தனுப்பினார்கள். இன்று முற்றிய புரைக்குக் கையால் செய்வது அதுவன்று. கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழியை விட்டுச் சற்றுத் தள்ளி, 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்தில் சுரங்கம் போல ஒரு பாதை அமைப்பார்கள். பாதை சாய்வாகப் போவதால் கண்ணின் உள்ளழுத்தமே அதன் உதடுகளைச் சேர்த்து மூடிவிடும். பெரும்பாலும் தையல் தேவைப்படாது.

அதில் லென்ஸ் வெளியே வருவதை நூற்றுக்கணக்கான முறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் லென்ஸின் முன்பக்க உறையில் வட்டமாகத் திறப்பார்கள். நீரைப் பீய்ச்சி லென்ஸைப் பையிலிருந்து விடுவித்து, மெல்லச் சுழற்றி முன்னறைக்குக் கொண்டுவருவார்கள். அதன் மேலும் கீழும் விஸ்கோ ஜெல் செலுத்தப்படும். மேலே உள்ள ஜெல்தான் கருவிழியின் அந்தச் செல்களுக்கு மெத்தை. பிறகு வெக்டிஸ் என்ற சிறு கரண்டி லென்ஸுக்கு அடியில் போகும். அதன் முனையில் நீர் வரும் துளைகள் உண்டு. பின்புறம் சிரிஞ்சு மாட்டியிருக்கும். மருத்துவர் கரண்டியால் இழுப்பதில்லை. சுரங்கத்தின் கீழ் உதட்டை இலேசாக அழுத்தி, நீரைச் செலுத்துவார். உள்ளே ஏறும் நீர்தான் லென்ஸை வெளியே தள்ளும். நன்றாகக் கனிந்த புரை வெளியே வந்து துணியின் மேல் கிடக்கும்போது கருப்பட்டித் துண்டு போல இருக்கும். இடுக்கியால் தட்டினால் டிக்கென்று ஓசை வரும். அதைக் கண்ணுக்குள்ளே வைத்துத் தூளாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த ஓசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மென்மையான புரை அப்படியன்று. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போல உதிர்ந்துவிடும், அதற்குப் பேக்கோவே போதும், அதுவே நல்லது.

கருவை, அதாவது லென்ஸின் கெட்டியான நடுப்பகுதியை எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. சுற்றிலும் பஞ்சு போல ஒட்டியிருக்கும் புறணியை எடுக்க வேண்டும். கைமுறையில் அதற்கென்று இருப்பது சிம்கோ கேனுலா. இரண்டு நுண்குழாய்கள் ஒட்டிப் பிறந்தது போன்ற கருவி. ஒன்றின் வழியே நீர் உள்ளே போகும், மற்றதன் வழியே மருத்துவர் சிரிஞ்சால் புறணியை உறிஞ்சுவார். இயந்திரத்தின் பம்பு செய்யும் வேலையை இங்கே அவருடைய கட்டைவிரல் செய்கிறது. லென்ஸின் பின்பக்க உறை, 4 மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது கேனுலாவின் துளையில் சிக்கினால் நட்சத்திரம் போலச் சுருக்கங்கள் விழும். அதைக் கண்ட அந்தக் கணமே உறிஞ்சலை நிறுத்தி நீரைப் பின்னுக்குச் செலுத்தத் தெரிந்த கட்டைவிரல்தான் நல்ல கட்டைவிரல்.

முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. நேபாளத்தில் சந்துக் ரூயிட், அமெரிக்காவின் டேவிட் சாங் முதலானோர் முற்றிய புரையுள்ள 108 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பேக்கோவும் மறு பிரிவினருக்குக் கைமுறையும் செய்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரு பிரிவிலும் 98 சதவீதத்தினருக்குக் கண்ணாடியுடன் நல்ல பார்வை இருந்தது. அறுவைக்குப் பேக்கோவில் சராசரியாக 15.5 நிமிடமும் கைமுறையில் 9 நிமிடமும் ஆயின. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த 79,777 அறுவைகளின் கணக்கு 2012இல் வந்தது. அறுவையின்போது நேர்ந்த சிக்கல்கள் பேக்கோவில் 1.11 சதவீதம், கைமுறையில் 1.01 சதவீதம். பயிற்சியில் இருப்பவர்கள் செய்தபோது மட்டும் பேக்கோவில் 4.8, கைமுறையில் 1.46 என்று விலகி நின்றது. உங்கள் உறவினர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். செலவு குறைவு என்பதற்காகவே ஒரு முறையைத் தரம் குறைந்தது என்று எண்ணுவது, நம் மக்களை வீணாகக் கடனில் தள்ளுகிறது என்பது என் மனக்குறை.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். சிம்கோ போன்ற குழாய்க் கருவிகளை அறுவை முடிந்த உடனேயே, ஜெல் காய்வதற்கு முன், நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். உள்ளே ஜெல்லோ கழுவும் மருந்தோ படிந்திருந்தால், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கிருமி செத்துவிடும், படிந்தது போகாது. அடுத்த நோயாளியின் கண்ணில் அது கடும் அழற்சியை உண்டாக்கும். ஓரிரு நாளுக்குள் கருவிழி முழுவதும் வெளுத்துவிடும். நான் பணியாற்றிய ஓரிடத்தில், அவசரத்தில் இந்தக் கழுவுதல் தவறி, ஒரே நாளில் மூவருக்கு இப்படி ஆனது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை கேனுலாக்களை நானே விளக்கொளியில் பிடித்து நீர் நேர்கோடாக வருகிறதா என்று பார்த்த பிறகே தட்டில் வைத்தேன். கருவிகளை யார், எப்போது கழுவுகிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது.

தடப்பள்ளிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அனைத்தையும் அப்பிச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கருப்பட்டித் துண்டு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அவருக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் உண்டு. சிறுநீர் தடையில்லாமல் போவதற்கு இரவில் ஒரு மாத்திரையும் நான்கு ஆண்டுகளாகப் போடுகிறார். வேறு ஏதேனும் விவரம் தேவை என்றால் சொல்லுங்கள். கம்பிக் கண்ணியைக் கழுவி மறுபடியும் பயன்படுத்துவார்களா என்பதும் எனக்கு ஐயமாக இருக்கிறது.

கண் மருத்துவர் (ஈரோடு):

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சிறுநீருக்கான மாத்திரை என்று பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த அட்டையில் ‘டாம்சுலோசின்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் அந்த மருந்து, கண்மணியைச் சுற்றியுள்ள கருந்திரையின் தசையையும் தளர்த்திவிடுகிறது. அறுவையின்போது கண்மணி விரிய மறுக்கும், திரை நனைந்த துணி போல ஆடும், வெட்டு வாயை நோக்கி வந்து சிக்கும். 2005இல் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் என்ற இரு மருத்துவர்கள் இதை முதலில் எடுத்துக்காட்டினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் கண்மணியை விரித்துப் பிடிக்கும் கொக்கிகளையோ வளையத்தையோ தயாராக வைத்துக்கொள்வோம். தெரியாமல் உள்ளே போனால்தான் சிக்கல். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினாலும் அதன் விளைவு கண்ணைவிட்டு முழுதாக நீங்கும் என்று சொல்ல முடியாது, சிறுநீர் அடைத்துக்கொண்டால் வேறு துன்பம். மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள், அது போதும்.

அடுத்தது இடக்கண். காலையில் மங்கல், பகலில் தெளிவு என்று நீங்கள் எழுதியது முக்கியமான குறிப்பு. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் கருவிழியின் மேற்புறத்திலிருந்து நீர் ஆவியாவதில்லை. உட்புறச் செல்கள் போதாத கண்ணில் இரவு முழுவதும் நீர் தேங்கி, விழித்த பிறகே மெல்ல வடியும். ஆகவே இரண்டு கண்களுக்கும் ஸ்பெக்குலர் மைக்ரோஸ்கோப் சோதனை செய்யச் சொல்லுங்கள். கண்ணைத் தொடாமல் படமெடுத்துச் செல்களை எண்ணும் சோதனை அது. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் 2,500 அளவில் இருக்கும். 500க்கும் கீழே இறங்கினால் கருவிழி தெளிவாக நிற்பது கடினம். வலக்கண்ணின் எண்ணிக்கை தெரியாமல் எந்த முறை என்று இங்கே எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்பு நடந்ததற்கு முறை காரணமா, செல்கள் ஏற்கெனவே குறைவாக இருந்தனவா என்பதும் அதில் ஓரளவு தெரியவரும்.

கண்ணியைப் பற்றிக் கேட்டீர்கள். மைலூப் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்டது. அதைக் கழுவி அடுத்தவருக்கு எடுப்பது முறையாகாது. உறையைப் பிரிப்பதற்கு முன் காட்டச் சொல்லலாம். கெட்டியான கருவை அதிர்வு இல்லாமல் பிளப்பதில் அது நல்ல கருவிதான். ஆனால் லென்ஸின் பைக்குள் ஓரம் வரை அதைக் கொண்டுபோய்ச் சுழற்ற வேண்டியிருப்பதால், முன்பக்க உறையில் வட்டத் திறப்பு சரியாக அமைந்திருக்க வேண்டும். இந்த நோக்கில் வந்த கருவிகளில் அது மட்டும்தான் உள்ளது என்றும் இல்லை. அதே ஸைஸ் நிறுவனம் அல்ட்ராசவுண்ட் இல்லாமலே லென்ஸை அகற்றும் ‘மைகோர் 700’ என்ற கைக்கருவியையும் கொண்டுவந்திருக்கிறது. மறுபுறம், நேபாளத்தில் லகான் என்ற ஊரில் பணியாற்றிய ஆல்பிரெக்ட் ஹென்னிக், 30 கேஜ் ஊசியின் முனையைத் தூண்டில் போல வளைத்து, அதனால் கருவைக் கொத்தி வெளியே எடுக்கும் முறையைப் பரப்பினார். மெல்லிய சாதாரண ஊசிதான் கருவி. எது உயர்ந்தது என்று கேட்டால், அந்த மருத்துவர் கெட்டிப் புரைகளில் நாள்தோறும் எதைக் கையாளுகிறாரோ அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் புதுக் கருவியை என் தந்தையின் கண்ணில் அனுமதிக்க மாட்டேன்.

பீளமேட்டு நண்பர் சொன்ன அதிர்வுக் கணக்கு இடக்கண்ணின் பழைய குறிப்பில் எழுதப்பட்டிருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டுடன் அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கிப் புதிய மருத்துவரிடம் கொடுங்கள்.

பீளமேடு சர்வீஸ்:

சிஸ்டர் அம்மாவும் மருத்துவர் ஐயாவும் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். துண்டாக்குவதும் வெளியே எடுப்பதும் தனித்தனி வேலைகள் என்பதை நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

கரூர் நெசவு:

என் தாயாருக்குச் சென்ற ஆண்டு கைமுறையில் செய்தோம். பேக்கோவில் பலருக்குச் சொட்டு மருந்து மட்டுமே போதும் என்கிறார்கள். இதில் கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போட்டார்கள், அந்த ஒரு நிமிடம் வலித்தது என்று அம்மா சொன்னார். வெட்டு சற்றுப் பெரியது என்பதால் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை, கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அளந்து கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. கண்ணை ஒரு வாரம் உறுத்தியது. இப்போது தறியில் அறுந்த இழையை அவரே பார்த்து முடிகிறார். உங்கள் அப்பிச்சியிடம் சொல்லுங்கள்.

தடப்பள்ளிக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையில் டாம்சுலோசின் என்றுதான் இருந்தது. நாங்கள் காட்டிய மூன்று இடங்களில் இரண்டில் அதைக் கேட்கவே இல்லை. நாங்களும் அது கண்ணோடு தொடர்புடையது என்று அறியாமல் சொல்லாமல் விட்டுவிட்டோம். கைமுறை என்று சொன்ன முதல் மருத்துவர் மட்டும், அன்றே எல்லா மாத்திரைகளையும் கொண்டுவாருங்கள் என்றிருந்தார். அவரிடமே மீண்டும் போனோம்.

ஸ்பெக்குலர் சோதனையில் இடக்கண்ணில் சதுர மில்லிமீட்டருக்கு 870 செல்களும் வலக்கண்ணில் 2,240 செல்களும் இருந்தன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவர் காட்டினார். வலக்கண்ணில் தேனடை போல நெருக்கமான சிறு அறைகள். இடக்கண்ணில் அறைகள் பெரிதாகி, வெடித்த வயல் போல இருந்தது. இருக்கும் செல்கள் விரிந்து காலியிடத்தை மூடப் பார்க்கின்றன என்று விளக்கினார். அப்பிச்சி அந்தப் படத்தை நெடுநேரம் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பொ இந்தக் கண்ணுல வெளச்சல் இன்னும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். இருக்கிறது, அதைக் கெடுக்காமல் எடுப்பதுதான் என் வேலை என்றார் அவர்.

வாரத்துக்கு எத்தனை கெட்டிப் புரை செய்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பத்துக்குக் குறையாது, பெரும்பாலும் கைமுறையில் என்றார். கேனுலாக்களை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டபோது அங்கிருந்த சிஸ்டரே முன்வந்து, தாம் கழுவும் இடத்தைக் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினார். கண்மணியை விரிக்கும் கொக்கிகளை எடுத்துவைக்கும்படி எங்கள் எதிரிலேயே குறிப்பு எழுதினார்கள்.

சர்க்கரை அளவு சற்றுக் கூடியிருந்ததால் ஒரு வாரம் கட்டுப்படுத்தி வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். டாம்சுலோசின் அட்டையையும் பழைய அறுவைக் குறிப்பின் நகலையும் ஒரே உறையில் போட்டு, அப்பிச்சியின் மஞ்சள் பைக்குள் இப்போதே வைத்துவிட்டேன்.